"வேண்டாம்"னு சொன்னாராம்... யாரு கேட்டா?

ராக் இசை கேட்கிற நண்பர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் போதும், அரை மணி நேரத்துக்குள் யாராவது ஒருத்தர் இந்த வசனத்தை எடுத்து விடுவார்: "அவரை ரோலிங் ஸ்டோன்ஸே கூப்பிட்டாங்க மச்சி, போடா வெண்ணைனுட்டாரு!" உடனே மற்ற மூணு பேரும் "ஆஹா... என்ன மனுஷன்யா!" என்று தலையாட்டுவார்கள். எப்போது கூப்பிட்டார்கள், எங்கே, யார், என்ன சம்பளத்துக்கு என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்டால் நாம்தான் ரசனை கெட்ட ஜென்மம்.

சரி, இன்றைக்கு ரசனை கெட்ட ஜென்மமாகவே இருந்துவிட்டுப் போகிறேன். என் கட்சி இதுதான். புகழ்பெற்ற ராக் குழுவின் அழைப்பை இன்ன கிதார் கலைஞர் மறுத்தார் என்று உலவுகிற கதைகளில் பாதிக்கு மேல் ஆஃபரே கிடையாது. அது கூடப் பரவாயில்லை. அந்தக் கதை எந்தக் கலைஞரை உயர்த்துவதாக நினைத்துச் சொல்லப்படுகிறதோ, அவரைத்தான் அது கேவலப்படுத்துகிறது.

பி.காம் படிக்கிறவனுக்கு ராக் இசையில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: எங்களுக்கு முதல் வருஷத்திலேயே வணிகச் சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ஐப் போட்டு அரைத்து எடுப்பார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட வேண்டிய அந்தச் சமாச்சாரம், இந்த வதந்திகளைப் பிரித்து மேய எவ்வளவு உதவும் என்று பாருங்கள்.

<b>தெரியாத ஆஃபரை எப்படி மறுப்பது?</b>

ஒப்பந்தச் சட்டம் 4-வது பிரிவு சொல்வது ரொம்ப எளிது. ஓர் ஆஃபர் யாருக்குச் சொல்லப்படுகிறதோ அவருக்கு அது தெரிய வந்தால்தான், அது சொல்லப்பட்டதாகவே கணக்கு. இதற்கு வகுப்பில் சொல்லும் வழக்கு 1913-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த லால்மன் சுக்லா வழக்கு. முதலாளி வீட்டுப் பையன் காணாமல் போய்விட்டான். தேடப் போன ஊழியர் லால்மன் பையனைக் கண்டுபிடித்துவிடுகிறார். இதற்கிடையே கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் பரிசு என்று முதலாளி அறிவித்திருந்தார். அது லால்மனுக்குத் தெரியாது. பிறகு தெரிந்துகொண்டு பரிசைக் கேட்டு வழக்குப் போட்டார். கிடைக்கவில்லை. தெரியாத ஆஃபரை நீ எப்படி ஏற்றுக்கொண்டிருக்க முடியும் என்று கேட்டுவிட்டது கோர்ட்.

தெரியாத ஆஃபரை ஏற்க முடியாது என்றால், தெரியாத ஆஃபரை மறுக்கவும் முடியாதுதானே? இப்போது எரிக் கிளாப்டன் கதைக்கு வாருங்கள்.

"பீட்டில்ஸ் கூப்பிட்டும் போகாத கிளாப்டன்" என்று ஒரு கதை ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. நடந்தது என்ன? 1969 ஜனவரி 10, லண்டன் ட்விக்கென்ஹாம் ஸ்டுடியோவில் ஒத்திகை. மதிய நேரத்தில் ஜார்ஜ் ஹாரிசன் குழுவை விட்டு விலகுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் சில நாட்களில் திரும்பாவிட்டால் கிளாப்டனைக் கூப்பிடலாம் என்று ஜான் லெனன் சொல்கிறார். அவ்வளவுதான். இந்தப் பேச்சு ஒலிநாடாவில் பதிவாகி இருக்கிறது, 2021-ல் பீட்டர் ஜாக்சன் வெளியிட்ட 'கெட் பேக்' ஆவணத் தொடரிலும் அந்த நாட்களைப் பார்க்கலாம். ஹாரிசன் இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். கிளாப்டன் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. கோபத்தில் ஒருத்தர் சொன்ன ஒரு வாக்கியம், கேட்டவர் வாயில் 'அழைப்பு' ஆகி, அடுத்தவர் வாயில் 'மறுப்பு' ஆகிவிட்டது. (இத்தனைக்கும் கிளாப்டன் அதற்கு நாலு மாதம் முன்பு, 1968 செப்டம்பரில், ஹாரிசனின் பாட்டு ஒன்றுக்குப் போய் வாசித்துக் கொடுத்தவர். அந்த ஆல்பத்தில் அவர் பெயர் கூடப் போடவில்லை. அது நிஜக் கதை, அதைச் சொல்ல ஆள் குறைவு.)

அடுத்தது ஜெஃப் பெக்கும் பிங்க் ஃபிளாய்டும். சிட் பாரெட்டின் நிலைமை மோசமாகிக்கொண்டே போன 1967 வாக்கில், அவர் இடத்துக்கு ஜெஃப் பெக் வந்தால் நன்றாயிருக்குமே என்று குழுவில் ஒரு நினைப்பு ஓடியிருக்கிறது. ஆனால் போய்க் கேட்கத் தங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை என்று டிரம்மர் நிக் மேசனே பின்னாளில் சொல்லிவிட்டார். 1968 தொடக்கத்தில் டேவிட் கில்மோர் வந்து சேர்ந்தார். இதையும் "பிங்க் ஃபிளாய்டையே உதறிய ஜெஃப் பெக்" என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். எதிர்த்த வீட்டுப் பெண்ணிடம் பேசவே பயந்து தெருமுனையில் நின்ற பையனை, "அவ ரிஜெக்ட் பண்ணிட்டா" என்று ஊர் சொன்னால் எப்படி இருக்கும்? பாவம், அந்தப் பெண்ணுக்கு விஷயமே தெரியாது.

<b>இன்டர்வியூவுக்குப் போனால் வேலை கிடைத்ததாகுமா?</b>

கடையில் சட்டைக்கு விலைச்சீட்டு மாட்டி வைப்பது ஆஃபர் இல்லை. "வந்து பாருங்க, பேசலாம்" என்கிற அழைப்புதான். வாங்க வருபவர்தான் ஆஃபர் செய்கிறார், கடைக்காரர் அதை ஏற்கிறார். இந்த வித்தியாசம் புரியாததால் வந்த வினைதான் 1975 ரோலிங் ஸ்டோன்ஸ் புராணம் முழுவதும்.

1974 டிசம்பரில் மிக் டெய்லர் ஸ்டோன்ஸை விட்டுப் போனார். 1975 தொடக்கத்தில் ராட்டர்டாமிலும் பிறகு மியூனிக்கிலும் பாட்டுப் பதிவு நடந்தபோதே, புது கிதார் ஆளையும் தேடினார்கள். ரோரி காலஹர், ஜெஃப் பெக், ஹார்வி மேண்டல், வேய்ன் பெர்கின்ஸ் என்று பலர் போய் அவர்களோடு வாசித்தார்கள். மேண்டலும் பெர்கின்ஸும் வாசித்தது 1976-ல் வந்த 'பிளாக் அண்ட் ப்ளூ' ஆல்பத்திலேயே இருக்கிறது. இடம் கிடைத்தது ரான் வுட்டுக்கு.

இதில் காலஹரையும் பெக்கையும் மட்டும் "மறுத்தவர்கள்" பட்டியலில் போட்டு மாலை மரியாதை செய்கிறார்கள். காலஹர் 1975 ஜனவரியில் ராட்டர்டாமுக்குப் போனார், சில இரவுகள் வாசித்தார், ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த ஜப்பான் கச்சேரிகளுக்குக் கிளம்பிப் போனார். இதில் மறுப்பு எங்கே இருக்கிறது? ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யப் போன ஒரு யோக்கியமான ஆள்தான் இருக்கிறார். பெக்குக்கு அந்த வருஷமே 'ப்ளோ பை ப்ளோ' வெளிவந்து, பாட்டே இல்லாத வெறும் வாத்திய ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் 4-ம் இடம் வரை போனது. அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல இதை விடவா ஸ்டோன்ஸ் கதை பெரிது?

இந்த நோய் நம்ம கேம்பஸிலும் உண்டு, கவனித்திருப்பீர்கள். பிளேஸ்மென்ட் சீசனில் எழுத்துத் தேர்வோடு வெளியே வந்த சீனியர், அடுத்த வருஷம் ஜூனியர்களிடம் பேசும்போது "அந்தக் கம்பெனியா, நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்பார். கல்யாணம் ஆவதற்குள் அது "ஆஃபர் லெட்டரைக் கிழிச்சிப் போட்டேன்" என்று வளர்ந்திருக்கும். நாம் சிரித்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுப்போம். அதே கதையை ஒரு கிதார்காரரைப் பற்றி யாராவது சொன்னால் மட்டும் ஏன் பக்தியோடு கேட்கிறோம்?

<b>எதிர் ஆஃபர் என்று ஒன்று இருக்கிறது</b>

1840-ல் இங்கிலாந்தில் ஹைட் எதிர் ரென்ச் என்று ஒரு வழக்கு. பண்ணையை 1,000 பவுனுக்குத் தருகிறேன் என்றார் ஒருவர். 950 தருகிறேன் என்றார் மற்றவர். முடியாது என்றதும், சரி 1,000-க்கே வாங்கிக்கொள்கிறேன் என்று வந்தார். கோர்ட் ஒப்பவில்லை. நீ 950 என்று சொன்ன நிமிஷமே பழைய ஆஃபர் செத்துப்போச்சு என்றது.

டைம்பேக் டேரல் கதையும் இதுவேதான். 1980களின் கடைசியில் மெகாடெத் குழுவுக்கு டேவ் மஸ்டெய்ன் அவரைக் கூப்பிட்டது உண்மை. டேரல் சொன்னது: என் அண்ணன் வின்னி பாலும் டிரம்ஸுக்கு வருவான், இரண்டு பேரையும் சேர்த்து எடுத்துக்கொள். மஸ்டெய்ன் அதற்குள் நிக் மென்ஸாவை டிரம்ஸுக்கு எடுத்துவிட்டார். அதனால் அது நடக்கவில்லை. மார்ட்டி ஃப்ரீட்மேன் மெகாடெத்துக்குப் போனார். டேரல் அண்ணனோடு பான்டெராவிலேயே இருந்தார். 1994-ல் பான்டெராவின் ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் நேராக முதல் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

இதைப் போய் "மெகாடெத்தை உதறினார்" என்று சொன்னால், கதையின் உயிரே போய்விடுகிறது. அங்கே கர்வம் இல்லை, சவால் இல்லை. தம்பி ஒருத்தன் அண்ணனை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றான். இதை விட அழகான விஷயம் இருக்கிறதா? அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, "உதறினார்" என்ற அட்டையை ஒட்டி வைத்திருக்கிறோம்.

<b>நிஜ மறுப்பு எப்படி இருக்கும்?</b>

மறுப்பே கிடையாது என்று நான் சொல்லவில்லை. 1965-ல் கிளாப்டன் யார்ட்பேர்ட்ஸை விட்டுப் போனபோது அந்த இடத்துக்கு முதலில் கேட்கப்பட்டவர் ஜிம்மி பேஜ். அவர் அப்போது லண்டன் ஸ்டுடியோக்களில் ஓய்வே இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தவர், நல்ல வருமானம். வேண்டாம் என்றார், நண்பர் ஜெஃப் பெக்கைக் கைகாட்டிவிட்டார். அடுத்த வருஷம், 1966-ல், அதே குழுவில் பாஸ் வாசிக்கிற இடம் காலியானபோது போய்ச் சேர்ந்தார்!

1993 நவம்பரில் ரிச்சி பிளாக்மோர் டீப் பர்ப்பிளை நடுவழியில் விட்டுவிட்டுப் போனார். ஜோ சாட்ரியானி வந்து பாக்கிக் கச்சேரிகளைக் காப்பாற்றிக் கொடுத்தார். 1994-லும் கூடப் போனார். நிரந்தரமாக இருக்கச் சொன்னபோது, தன் சொந்த இசைப் பயணத்தைத் தொடர வேண்டும் என்று விடைபெற்றார். ஸ்டீவ் மோர்ஸ் வந்தார்.

கவனியுங்கள், இந்த இரண்டிலும் தேதி இருக்கிறது, காலி இடம் இருக்கிறது, கேட்டவர் இருக்கிறார், அடுத்து வந்தவர் பெயர் இருக்கிறது. காரணமோ ரொம்பச் சாதாரணம்: வருமானம், சொந்த வேலை. நிஜ மறுப்பு ஒரு நல்ல கணக்குப் புத்தகம் மாதிரி, ஒவ்வொரு என்ட்ரிக்கும் வவுச்சர் இருக்கும். வதந்தியில் தொகை மட்டும் பெரிதாக இருக்கும், வவுச்சர் இருக்காது.

<b>ராய் புக்கனன் என்ற மனிதர்</b>

என்னை இந்தப் பதிவை எழுத வைத்தவர் இவர்தான். ராய் புக்கனன் பெயரைச் சொன்னாலே கூடவே ஒட்டிக்கொண்டு வரும் வாக்கியம், "ரோலிங் ஸ்டோன்ஸை மறுத்தவர்." 1969-ல் பிரையன் ஜோன்ஸ் இடத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை என்பது கதை.

தேதியை வைத்துப் பார்ப்போம். ஜோன்ஸ் விலகியது 1969 ஜூன் மாதம். அவர் இடத்தில் வந்த மிக் டெய்லர், அந்த அறிவிப்புக்கு முன்பே ஸ்டுடியோவுக்கு வந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். ஜான் மேயால் பரிந்துரைத்த 20 வயதுப் பையன். ஜூலை 5-ம் தேதி லண்டன் ஹைட் பார்க்கில் மேடை ஏறிவிட்டார். ஆக, அந்த நாற்காலி காலியாக இருந்த காலம் ரொம்பக் கொஞ்சம், அதற்கும் லண்டனிலேயே ஆள் கிடைத்தாயிற்று. புக்கனனோ அப்போது அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், வாஷிங்டன் வட்டாரத்தில் பார்களில் வாசித்துக்கொண்டிருந்தவர். அமெரிக்காவுக்கே அவரைக் காட்டியது 1971-ல் பொதுத் தொலைக்காட்சியில் வந்த ஆவணப்படம். தன் பெயரில் முதல் பாலிடார் ஆல்பம் வந்தது 1972-ல். இவரை 1969-லேயே ஸ்டோன்ஸ் தேடி வந்தது என்றால், வந்தது யார், எந்த ஊருக்கு, எந்தத் தேதியில்? கதை சொல்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

சரி, கதையை விடுங்கள். மனிதரைப் பாருங்கள். 1939-ல் அர்கன்சாவில் பிறந்து, கலிஃபோர்னியாவில் பிக்ஸ்லி என்ற விவசாய ஊரில் வளர்ந்தவர். 1958-ல் டேல் ஹாக்கின்ஸின் இசைத்தட்டில் வாசித்தபோது இருபது வயது கூட ஆகவில்லை. வருமானம் போதாமல் 60களின் கடைசியில் முடிவெட்டும் தொழில் கற்கப் போனார். கையில் 1953 மாடல் டெலிகாஸ்டர், அதற்கு 'நான்சி' என்று பெயர். வலது கையின் சுண்டு விரலால் வால்யூம் குமிழைத் திருப்பித் திருப்பி, கம்பியை மீட்டிய சத்தம் கேட்காமல் ஸ்வரம் மட்டும் எங்கிருந்தோ அழுதுகொண்டு வருவது போல வாசிப்பார். 1975-ல் ஜெஃப் பெக் தன் ஆல்பத்தில் ஒரு பாட்டையே இவருக்குச் சமர்ப்பணம் செய்தார். கம்பெனிக்காரர்கள் தன் இசையில் கைவைப்பது பிடிக்காமல் 80களின் தொடக்கத்தில் ரெக்கார்டிங்கையே நிறுத்திவிட்டு, 1985-ல் அலிகேட்டர் என்ற சின்ன ப்ளூஸ் கம்பெனி மூலம் தன் விருப்பப்படி திரும்பி வந்தார். 1988 ஆகஸ்ட் 14-ல், குடிபோதைக்காகக் கைதாகி, வர்ஜீனியாவில் ஒரு சிறையில் இறந்தார். வயது 48.

இந்த வாழ்க்கையில் ஒரு நிஜமான மறுப்பு இருக்கிறது, பார்த்தீர்களா? அது ஸ்டோன்ஸுக்குச் சொன்னது இல்லை. "என் இசையை நீ திருத்தாதே" என்று தனக்குச் சம்பளம் கொடுத்தவர்களுக்குச் சொன்னது. அந்த மறுப்புக்கு ஆதாரம் உண்டு, விலையும் உண்டு, பல வருஷ மௌனம் அந்த விலை. ஆனால் அதை யாரும் டீக்கடையில் சொல்வதில்லை. ஏனென்றால் அதில் பிரபலமான பெயர் எதுவும் இல்லை.

<b>சொன்னா என்ன தப்பு?</b>

"ஜாலிக்குச் சொல்றதுதானே, விடேன்" என்பீர்கள். விட முடியாது. இரட்டைப் பதிவு முறையில் பற்று ஒரு பக்கம் வைத்தால் வரவு இன்னொரு பக்கம் வந்தே ஆகணும். இந்த வதந்தியில் யாருக்கு வரவு? செலவே இல்லாமல் ஸ்டோன்ஸுக்கு. "அவர்களையே மறுத்தார்" என்று சொல்லும்போது, உலகத்தில் ஒரு கிதார்காரர் அடையக்கூடிய உச்சம் அவர்கள் கூப்பிடுவதுதான் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறோம். பற்று யாருக்கு? புக்கனனுக்கு. அவர் வாசித்தது எதுவும் அவருடைய தகுதிச் சான்றிதழ் இல்லை, வராத ஒரு கடிதம்தான் சான்றிதழ் என்று ஆகிவிடுகிறது.

இன்னொரு பற்று, ஏற்றுக்கொண்டு போனவர்களுக்கு. ரான் வுட் காலஹர் விட்டுப்போன இடத்துக்கு வந்தவர், கில்மோர் பெக் கிடைக்காததால் வந்தவர் என்று ஏளனம். போனவர்கள் பட்ட பாடு தெரியுமா? மிக் டெய்லர் ஐந்து வருஷத்துக்கு மேல் ஸ்டோன்ஸில் வாசித்தார். பாட்டு எழுதியவர் என்று அவர் பெயரும் போட்டது ஒரே ஒரு பாட்டுக்கு, 1972-ல். பாட்டில் பெயர் இல்லையென்றால் அந்த ராயல்டியும் இல்லை. ரான் வுட் 1975-ல் போய்ச் சேர்ந்து, நீண்ட காலம் சம்பள ஆளாகவே இருந்தார். பங்காளி ஆனது 1990களில்தான். "கோடிக்கணக்கான பணத்தைத் தூக்கி எறிந்தார்" என்று மறுத்தவரைப் பற்றிக் கதைவிடும் முன், அந்த நாற்காலியில் நிஜமாகவே உட்கார்ந்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டாமா?

கடைசியாக ஒன்று. புக்கனன் இல்லை, காலஹர் 1995-ல் போய்விட்டார், டைம்பேக் டேரல் 2004-ல், ஜெஃப் பெக் 2023-ல். "அப்படியெல்லாம் இல்லப்பா" என்று சொல்ல அவர்களால் வர முடியாது. அவர்கள் சார்பில் கேட்க வேண்டியது நாம்தான். அதற்கு ஐந்தே கேள்விகள்: கேட்டது யார்? எப்போது? அது இவர் காதுக்கு வந்ததா? வந்தது வாசித்துப் பார்க்கிற அழைப்பா, வேலையா? என்ன நிபந்தனையில்? ஐந்துக்கும் பதில் இருந்தால் ஜிம்மி பேஜ் கதை மாதிரி சந்தோஷமாகச் சொல்லுங்கள், நானும் கேட்கிறேன். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு அந்த மனிதர் வாசித்த ஒரு ஆல்பத்தைப் போடுங்கள். புக்கனனின் 1972 ஆல்பத்தில் 'தி மெசையா வில் கம் அகெய்ன்' என்று ஒன்று இருக்கிறது. ஆறு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதைக் கேட்ட பிறகும் உங்களுக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் ஞாபகம் வந்தால் என்னிடம் வந்து சண்டை போடுங்கள்.

டிஸ்கி: ஸ்டோன்ஸ் ரசிகர்கள் அடிக்க வரவேண்டாம். எனக்கும் அவர்களைப் பிடிக்கும். அவர்கள் வாசித்ததுக்காகப் பிடிக்கும், கூப்பிடாத ஆளைக் கூப்பிட்டதுக்காக இல்லை.